ரீ:ரோசாஸ் நாற்காலி நடனம்: பாட வீடியோவை நம்பி இறங்கலாமா?

சமகால நடனத்தில் பேர்பெற்ற ஒரு படைப்பைத் தொழிலாக ஆடாதவர்கள் எடுத்து ஆட ஆசைப்பட்டால், முதலில் உரிமைக்கு அலைய வேண்டும். அது கிடைத்தால், சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆளுக்கு அலைய வேண்டும். பிரசல்ஸைச் சேர்ந்த ரோசாஸ் நடனக் குழு 2013-இல் இந்த இரண்டு அலைச்சலையும் கணிசமாகக் குறைத்தது. குழுவை நிறுவிய நடன அமைப்பாளர் ஆன் தெரேசா டி கீர்ஸ்மேக்கர் 1983-இல் உருவாக்கிய ‘ரோசாஸ் தான்ஸ்ட் ரோசாஸ்’ படைப்புக்கு முப்பது வயதானபோது, அதன் நாற்காலிப் பகுதியைப் பாட வீடியோக்களாக்கி இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். பார்த்துக் கற்று, உங்கள் பதிப்பை ஆடி, படமெடுத்து அனுப்புங்கள் என்று எல்லோருக்கும் பொது அழைப்பு. லூவன் நகரில் இளையோருக்காக நடனமும் நாடகமும் தயாரிக்கும் ஃபாபுலூஸ் நிறுவனம் இதில் கூட்டு. திட்டத்தின் பெயர் ரீ:ரோசாஸ். பல நாடுகளிலிருந்து பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிக் குழுக்கள், முதியவர்கள் என்று யார் யாரோ ஆடி அனுப்பினார்கள்.

நடனப் பயிற்சி பெரிதாக இல்லாத நாலைந்து பேர் இந்தப் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு உருப்படியாக எதையாவது செய்ய முடியுமா? முடியும். ஆனால் பாடத்தின் நடுப்பகுதியை, அதாவது அசைவுகளை அடுக்கும் முறையை, தாண்டிக் குதிக்காமல் இருந்தால்தான். பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது அசைவில் இல்லை, அங்கேதான்.

முழுப் படைப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம். நான்கு பெண்கள். முதல் பகுதி தரையில் படுத்தபடி, இசையே இல்லாமல், மூச்சுச் சத்தத்தையே சைகையாக வைத்து நடக்கும். இரண்டாவது நாற்காலி. மூன்றாவது நின்றபடி. நான்காவது மூச்சிரைக்கும் வேகம். கடைசியில் ஒரு சின்ன முடிப்பு. 1983-இல் முதலில் ஆடியவர்கள் டி கீர்ஸ்மேக்கர், அட்ரியானா பொரியெல்லோ, மிஷேல் ஆன் டி மே, ஃபுமியோ இகேடா. தியெரி டி மேயும் பீட்டர் வெர்மீர்ஷும் இசையமைத்தார்கள். நடனம் உருவான அதே காலத்தில் கூடவே உருவான இசை அது. பாடத்துக்கு நாற்காலிப் பகுதியைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருக்கிறது. குதிப்பதில்லை, சுழல்வதில்லை, காலைத் தூக்குவதில்லை. கால்மேல் கால் போடுவது, தலைமுடியைக் கோதுவது, தொடையில் முழங்கை ஊன்றிக் குனிவது, கைகளை வயிற்றோடு இறுக்குவது, சட்டையைத் தோளிலிருந்து சரித்து மறுபடி இழுத்துவிடுவது, சட்டென்று தலையைத் திருப்பிப் பார்ப்பது. யாருக்கும் தெரிந்த அசைவுகள்தான். 2011-இல் பாடகி பியான்சேயின் ‘கவுன்ட்டவுன்’ வீடியோவில் இந்த அசைவுகள் கேட்காமலே எடுத்தாளப்பட்டு ஒரு பெரிய சர்ச்சை கிளம்பியது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று படைத்தவரே உலகத்துக்குத் தூக்கிக் கொடுத்தது அழகான பதிலடி என்றே சொல்ல வேண்டும்.

பாடம் மூன்று படி. முதலில் அசைவுகள். அடுத்து, அந்த அசைவுகளை வரிசையாக்கி, வரிசைகளை நான்கு பேருக்குள் பிரித்து அடுக்கும் முறை. மூன்றாவது, உங்கள் சொந்தப் பதிப்பு. சொல்லித்தருபவர்கள் டி கீர்ஸ்மேக்கரும், ரோசாஸில் நெடுங்காலம் ஆடிய சமந்தா வான் விஸ்ஸனும். படைத்தவரே உட்கார்ந்து இது எங்கிருந்து தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று சொல்வது காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத விஷயம். பேச்சு ஆங்கிலத்தில். ஆங்கிலம் தடுமாறுபவர்களுக்கும் பெரிய சிக்கல் இல்லை. எண்ணிக்கையும் உடம்பும்தான் பாடம்.

இனி குறை. வீடியோ உங்களைப் பார்க்காது. தப்பாகச் செய்தால் திருத்த ஆள் கிடையாது. நாற்காலி எப்படி இருக்க வேண்டும், கழுத்து வலித்தால் என்ன செய்வது, முடியில் எண்ணெய் இருக்கலாமா போன்ற நடைமுறைக் கேள்விகளுக்கெல்லாம் நீங்களேதான் விடை தேட வேண்டும். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி அதைப் பற்றித்தான்.

நாற்காலியிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் பல வீட்டுப் பதிப்புகள் தொடக்கத்திலேயே தடுமாறுவது அங்கே. நம்மிடம் எளிதாகக் கிடைப்பது கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அது உதவாது. கையைப் பக்கவாட்டில் வீசும் ஒவ்வொரு முறையும் கைப்பிடியில் இடிக்கும்; இடிக்கக் கூடாதே என்று வீச்சைச் சுருக்கினால் அசைவே செத்துவிடும். போதாததற்கு, அதன் இருக்கை பின்பக்கம் குழிந்திருக்கும். குனிந்து நிமிரும்போது இடுப்பு அந்தக் குழிக்குள் வழுக்கிப் போகும், ஒவ்வொரு வரிசைக்கும் நீங்கள் மறுபடி முன்னால் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும். வேகமாகப் பின்னால் சாய்ந்தால் கால்கள் வளையும். மடக்கு இரும்பு நாற்காலி ஆபத்து. இருக்கையின் விளிம்பைப் பிடிக்கும் இடத்தில் கீல் இருக்கிறது, விரல் சிக்கும். கைப்பிடியில்லாத, நேரான முதுகுப் பலகை உள்ள, தட்டையான இருக்கையோடு கூடிய மர நாற்காலிதான் சரி. பழைய பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபச் சாப்பாட்டுக் கூடங்களிலும் தேடினால் கிடைக்கும். உயரம் சுமார் 45 செ.மீ. ஆடும் எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இரண்டு அங்குலம் உயரமாக இருந்தாலும் தலைகள் ஒரே கோட்டில் விழாது, சேர்ந்து ஆடுவதாகவே தெரியாது.

உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும். குள்ளமானவர்களுக்குக் குதிகால் தூக்கிக்கொண்டு நிற்கும்; அப்போது எழும் விசை காலிலிருந்து வராமல் முதுகிலிருந்து வரும், பத்து நிமிடத்தில் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். பாதத்துக்கு அடியில் பலகை வைக்க வேண்டாம், காலை மாற்றும்போது தடுக்கும். எல்லா நாற்காலிகளின் கால்களையும் ஒரே அளவுக்கு அறுத்துவிடுவது அல்லது குழுவுக்கே உயரம் குறைந்த நாற்காலியாகத் தேடுவது மேல். மொசைக், டைல்ஸ் தரையானால் நாற்காலிக் கால் நான்குக்கும் ரப்பர் புஷ் மாட்டுங்கள். புஷ் தேய்ந்து ஒரு கால் மட்டும் குட்டையாகிவிட்டால் ஆடிக்கொண்டே ‘டக் டக்’ என்று ஒரு தாளம் தனியாக வரும். மெல்லிய இசையானால் அது கேட்டுவிடும். இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒருவர் பக்கத்துக்கு முழங்கை நீட்டினாலும் அடுத்தவர் மேல் படாத தூரம், தோராயமாக ஒன்றேகால் மீட்டர், வேண்டும். அதைவிட விலகினால் ஓரக்கண்ணால் பக்கத்தவரைப் பிடிக்க முடியாது.

உடை, முடி, செருப்பு. மேடைப் பதிப்பில் சாம்பல் நிறப் பாவாடை, தொளதொள மேல்சட்டை, உள்ளே கறுப்புக் கால்சட்டை, கனமான தட்டைக் காலணி. அதை அப்படியே நகலெடுக்கத் தேவையில்லை. ஆனால் மேல்சட்டையின் கழுத்து அகலமாக இருந்தே ஆக வேண்டும். சாதாரண டி-ஷர்ட் தோளிலிருந்து சரியாது. இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள், கவுன்ட் (தாள எண்ணிக்கை) போய்விடும். உள்ளே கையில்லாத பனியனோ, உடம்போடு ஒட்டிய லியோடார்டோ போட்டுக்கொண்டால் கூச்சமும் இருக்காது. தோள் காட்டும் அசைவு வேண்டாம் என்று நினைக்கும் குழு அதை மாற்றிக்கொள்ளலாம், மூன்றாம் படி அதற்குத்தான். மாற்றும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்த இடத்தில் உடை சரிவதும், ஒரு கணம் அப்படியே நிற்பதும், திரும்ப இழுக்கப்படுவதும் என்று மூன்று தனி நேரங்கள் உள்ளன. கையைத் தோளில் வைத்து எடுப்பது என்று சுருக்கினால் நடுவிலுள்ள அந்த நிறுத்தம் காணாமல் போகும், வரிசை முழுக்க முன்னால் ஓடும்.

முடி விரித்திருந்தால்தான் கோதும் அசைவுக்கு அர்த்தம் உண்டு. பின்னல் போட்டவர் நெற்றியில் கை வைத்து எதையோ தேடுவது போல இருக்கும். எண்ணெய் வைத்த முடி விரல்களில் சிக்கி நகராது. ஒத்திகைக்கு முந்தின நாள் தலைக்குக் குளித்துவிடுவது நல்லது. குட்டை முடிக்காரர்கள், மொட்டை போட்டவர்கள் உள்ளங்கையால் நெற்றியிலிருந்து உச்சி வரை தடவலாம், ஆனால் அதே கவுன்ட்டில் தொடங்கி அதே கவுன்ட்டில் முடிக்க வேண்டும். வெறுங்காலோடு ஆடினால் பாதம் தரையில் விழும் சத்தம் போய்விடும். நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள அந்தச் சத்தம் உதவுகிறது. கொலுசு வேண்டவே வேண்டாம்.

முதல் படி, அசைவுகள். இதில் வீடியோ நன்றாகவே வேலை செய்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறார்கள். கற்பவர்கள் பக்கத்தில் நடக்கும் பிழைகள் மூன்று.

முதலாவது இடம், வலம். திரையில் எதிரே இருப்பவரைப் பார்த்துச் செய்யும்போது கண்ணாடிபோல மாறிப்போவது சகஜம். குழுவில் ஒருவர் கண்ணாடியாகவும் இன்னொருவர் உள்ளபடியும் கற்றுக்கொண்டால், சேர்ந்து உட்காரும் நாளில் இரண்டு தலை எதிரெதிரே திரும்பும். முதல் நாளே ஒரு முடிவெடுத்து, ஒவ்வொரு அசைவுக்கும் ‘வலது கை, இடது தொடை’ என்று காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முழுக் குழுவும் கண்ணாடியாகவே ஆடினாலும் குடி முழுகிவிடாது. ஆளுக்கொன்றாக ஆடுவதுதான் பிரச்சினை.

இரண்டாவது, தலை. வேகமாகத் திரும்பும் அசைவையும், தலை தொங்கி விழும் அசைவையும் பார்த்ததும் கழுத்தால் எறியத் தோன்றும். அப்படியில்லை. மார்புக்கூடு முதலில் நகர்கிறது, தலை அதைத் தொடர்ந்து கடைசியில் வந்து சேர்கிறது. கழுத்தால் எறிபவரை எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: தோள் நகராது, முடி மட்டும் பறக்கும். மறுநாள் காலையில் அவரே சொல்வார். ஒத்திகைக்கு முன் கழுத்து, தோள், மேல்முதுகு மூன்றையும் பத்து நிமிடமாவது சூடேற்றுங்கள். வரிசையை நினைவில் ஏற்றும் நேரத்தில் தலையைப் பாதி அளவுக்கு மட்டும் திருப்பினால் போதும். முழு வேகம் கடைசிச் சில சுற்றுகளுக்கு. கழுத்து எலும்புத் தேய்மானம், தலைசுற்றல் உள்ளவர்கள் தலையை அசையாமல் வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் திருப்பலாம், அதற்கும் ஒரு கூர்மை உண்டு.

மூன்றாவதுதான் தலையாய பிழை: எல்லாவற்றையும் ஒரே பலத்தில் செய்வது. இந்தப் பகுதியின் உயிர், இறுக்கமும் தளர்வும் திடீர் திடீரென்று மாறுவதில் இருக்கிறது. ஒரு கை வெட்டியது போல வரும். அடுத்த கணம் உடம்பு முழுவதும் கைவிட்டது போல முன்னால் சரியும். பிறகு ஒன்றுமே நடக்காத ஒரு நிறுத்தம். வீடியோவில் வடிவம் தெரிகிறது, பலம் அவ்வளவாகத் தெரிவதில்லை. இதற்கு ஒரு வழி: எழுதி ஒட்டிய காகிதத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் பக்கத்தில் ‘வெட்டு’, ‘சரிவு’, ‘நிறுத்தம்’ என்று ஒரு சொல் சேர்த்து, அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடிப் பார்ப்பது. மூச்சும் கூடவே மாறும். மூச்சை அடக்கிக்கொண்டு ஆடுபவர்கள் இரண்டாவது நிமிடத்தில் களைத்துவிடுவார்கள்.

பரதம் படித்தவர்கள் குழுவில் இருந்தால் தாளம் பற்றிய கவலை பாதி தீரும். ஆனால் வேறு இரண்டு பழக்கம் கூடவே வரும். ஒவ்வொரு அசைவையும் அடவு முடிப்பது போல அழுத்தி நிறுத்துவார்கள், சரிவு வராது. முகமும் தானாகப் பேச ஆரம்பிக்கும். இங்கே முகத்தில் பாவம் பிடிப்பதில்லை. பார்வை பக்கத்தில் இருப்பவருக்குப் போகிறது, சில நேரம் ஒரு சின்னச் சிரிப்பு கூட வரும். அது பார்ப்பவருக்கான அபிநயம் இல்லை, ‘இப்போது மாறலாம்’ என்று ஆடுபவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ஒப்புதல்.

இனி, எல்லோரும் தாண்டிப் போகும் இரண்டாம் படி. அசைவுகள் வந்துவிட்டன, இசை இருக்கிறது, நான்கு பேரும் ஒன்றாக ஆடிப் படமெடுத்தாயிற்று என்று நிறுத்திக்கொள்வார்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்ப்பவருக்குச் சலித்துவிடும். மூலத்தில் இதே சில அசைவுகள் நெடுநேரம் தாங்குவதற்குக் காரணம் அடுக்கும் முறை. எல்லோரும் சேர்ந்து, பிறகு இருவர் இருவராக, பிறகு மூவர் ஒன்றாக ஒருவர் விலகி, ஒருவர் நிறுத்த மற்றவர் தொடர்ந்து, மறுபடி எல்லோரும் சேர்ந்து. சேரும் அந்த நொடிக்காகத்தான் பிரிகிறார்கள். டி கீர்ஸ்மேக்கர் இதை விளக்கும் இடத்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு பாருங்கள்.

உங்கள் பதிப்புக்குக் கணக்குப் போடும் விதத்தை ஒரு மாதிரிக்குச் சொல்கிறோம். எட்டு கவுன்ட்டில் ஒரு வரிசை என்று வையுங்கள். நிமிடத்துக்கு 120 கவுன்ட் வேகத்தில் ஒரு வரிசை 4 விநாடி. நான்கு நிமிட நடனத்துக்கு 60 வரிசை வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் குறுக்கே 60 கட்டம், கீழே ஆளுக்கு ஒரு கோடு. முதல் வரிசைக்கு ‘அ’, இரண்டாவதற்கு ‘ஆ’, மூன்றாவதற்கு ‘இ’, அசையாமல் இருப்பதற்கு ஒரு புள்ளி. மூன்றே வகை வரிசை போதும், அவையே கட்டங்களில் திரும்பத் திரும்ப வரும். ஆறு வகை வரிசை வைத்துக்கொண்ட குழுக்கள் எதையும் கூர்மையாக ஆடுவதில்லை. முதல் எட்டுக் கட்டம் எல்லோருக்கும் ‘அ’. பார்ப்பவருக்கு வரிசை மனப்பாடமாக அவ்வளவு தேவை, பின்னால் நீங்கள் உடைக்கும்போது உடைவது தெரிய வேண்டுமே. பிறகு ஒருவருக்கு மட்டும் புள்ளி. அவர் திரும்ப நுழையும்போது ‘ஆ’வில் நுழையட்டும்.

ஒருவர்பின் ஒருவராக நுழைவதானால் இரண்டு கவுன்ட் இடைவெளி விடுங்கள். நான்கு பேருக்கு 0, 2, 4, 6 என்று எட்டுக்குள் சரியாக அடங்கும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, நான்காவது ஆள் அவசரப்பட்டு ஐந்தில் நுழைந்துவிடுவது. தனக்கு முன்னால் மூன்று பேர் ஆடுவதைப் பார்த்து அவர் கை தானாக எழும். அவர் பார்க்காமல் எண்ண வேண்டும். இன்னும் துணிச்சல் இருந்தால், ஒருவருடைய வரிசையில் மட்டும் நிறுத்தத்தை ஒரு கவுன்ட் வெட்டி ஏழாக்குங்கள். மற்றவர்கள் எட்டு. ஒவ்வொரு சுற்றிலும் அவர் ஒரு கவுன்ட் முன்னேறிக்கொண்டே போய், 56-ஆவது கவுன்ட் முடிவில் எல்லோரும் மறுபடி ஒன்றாக நிற்பார்கள். இது மூலத்திலிருந்து எடுத்தது இல்லை, உங்கள் பதிப்புக்கான யோசனை. கணக்கு வழக்கில் ஊறிய நம்மூர் மிருதங்கக்காரர் ஒருவர் ஒத்திகைக்கு வந்தால் இன்னும் பத்து வழி சொல்வார்.

இதை இசையோடு பழகாதீர்கள். முதலில் ஒருவர் வாய்விட்டு எண்ண, பிறகு எல்லோரும் மனசுக்குள் எண்ண, பிறகு எண்ணாமல் மூச்சையும் பாதச் சத்தத்தையும் மட்டும் கேட்டு. அமைதியில் 16 வரிசை பிசகாமல் போனால்தான் இசையைப் போடலாம். நேராக இசையோடு தொடங்கும் குழுவில் ஒவ்வொருவரும் ஸ்பீக்கரைக் கேட்பார்கள், ஒருவரையொருவர் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் ஸ்பீக்கர் மாறினால் எல்லாம் குலைந்துவிடும். வீடியோவின் வேகத்தை 0.75-க்குக் குறைத்துப் பழகலாம். அதற்கும் கீழே போனால் சரிவுகள் எல்லாம் மெதுவான இறக்கங்களாகத் தெரியும், தப்பான பலத்தோடு கற்றுக்கொள்வீர்கள்.

எத்தனை பேர்? நான்குதான் நயம். எட்டு வரை போகலாம், இரண்டு நால்வராகப் பிரித்து. இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து ஆடும் பதிப்புகள் பார்க்கப் பிரம்மாண்டமாக இருக்கும், ஆனால் பார்வைப் பரிமாற்றம் சாத்தியமில்லை. மணி அடித்ததும் எழும் வகுப்பறை மாதிரி ஆகிவிடுகிறது. ஆண்கள் ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. ஆனால் பெண்களைக் கிண்டல் செய்யும் பாவனையில் ஆண்கள் ஆடும் பதிப்புகள் முப்பது விநாடிக்கு மேல் தாங்குவதில்லை.

இலவசப் பாடத்துக்கு அப்பால் காசு செலவழிக்கலாமா? இரண்டு பொருள் உண்டு. தியெரி டி மே 1997-இல் இதைப் படமாக்கினார், 57 நிமிடம். ஹென்றி வான் டி வெல்டே வடிவமைத்த, லூவனிலுள்ள பழைய தொழில்நுட்பப் பள்ளிக் கட்டடத்தில் எடுத்தது. கண்ணாடிச் சுவர்களும் நீண்ட நடைவழிகளும் கொண்ட அந்த இடத்துக்காகவே பார்க்கலாம். ஆனால் அதை வைத்து ஆடக் கற்றுக்கொள்ள முயல வேண்டாம். ஆடுபவர்கள் மாறுகிறார்கள், கோணம் மாறுகிறது, வெட்டு விழும் இடத்தில் ஒரு வரிசை முடிந்ததா தொடர்கிறதா என்பது தெரியாது. அந்தப் படத்திலிருந்து நேரே நகலெடுத்த பதிப்புகளில், படத்தொகுப்பின் வெட்டையே நடனத்தின் நிறுத்தமாக நினைத்து ஆடுவதைப் பார்க்கலாம். படம் பலத்தைக் கற்க, பாட வீடியோ வடிவத்தைக் கற்க என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று புத்தகம். டி கீர்ஸ்மேக்கரும் ஆய்வாளர் பொயானா ட்ஸ்வெயிச்சும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட ‘எ கோரியோகிராஃபர்ஸ் ஸ்கோர்’. ‘ஃபாஸ்’, ‘ரோசாஸ் தான்ஸ்ட் ரோசாஸ்’, ‘எலெனாஸ் ஆரியா’, ‘பார்டோக்’ என்ற நான்கு தொடக்ககாலப் படைப்புகளைப் பற்றிய நேர்காணல்கள், குறிப்புகள், வரைபடங்கள், கூடவே டிவிடிகள். டிவிடிகளில் அவர் கரும்பலகைக்கு முன்னால் நின்று அமைப்பை வரைந்து வரைந்து விளக்குகிறார், ஆடியும் காட்டுகிறார். ஒரு மாலை நேர ஆசைக்கு இது தேவையே இல்லை. கல்லூரி நடனத் துறையோ, தொடர்ந்து இயங்கும் குழுவோ வாங்கி வைத்தால் ஆண்டுக்கணக்கில் பயன்படும். வாங்கும் முன் டிவிடி ஓட்ட ஒரு கருவி இருக்கிறதா என்று பாருங்கள்; இப்போது வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

பாடத்துக்கு நேர் எதிரான வழி ஒன்று பிரான்ஸில் இருக்கிறது. பாரிஸை ஒட்டிய பாந்தேனில் உள்ள தேசிய நடன மையம், தொழில்முறை அல்லாத குழுக்கள் ஏற்கெனவே உள்ள ஒரு படைப்பின் பகுதியை எடுத்து ஆடுவதற்காகவே ஒரு திட்டம் நடத்துகிறது. குழு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் அந்தப் படைப்பை அறிந்த ஒருவர் நேரில் வந்து சொல்லித்தருவார். படைத்தவராகவோ, அதில் ஆடியவராகவோ, நடன அசைவுகளை எழுதிவைக்கும் லாபன் அல்லது பெனெஷ் குறியீட்டைப் படித்து மீட்டெடுப்பவராகவோ இருக்கலாம். ஆள் நேரில் வந்து தோளைத் தொட்டுத் திருத்துவதற்கு எந்த வீடியோவும் ஈடில்லை. ஆனால் அது பிரெஞ்சு அரசுப் பணத்தில் நடப்பது, அங்குள்ள குழுக்களுக்கானது. நமக்குக் கிடைக்கக்கூடியதில் அதற்கு நெருங்கி வருவது, சமகால நடனப் பயிற்சி உள்ள ஒருவரை இரண்டு முறை மட்டும் அழைப்பது: அசைவுகள் முடிந்ததும் ஒரு முறை, படமெடுப்பதற்கு ஒரு வாரம் முன் ஒரு முறை. முதல் முறை அவர் கழுத்தையும் பலத்தையும் பார்க்கட்டும், இரண்டாம் முறை நிறுத்தங்களை மட்டும் பார்க்கட்டும்.

படமெடுப்பது பற்றிச் சுருக்கமாக. கைபேசியைப் படுக்கை வாட்டில் டிரைபாடில், உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் வையுங்கள். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் எல்லோரும் குட்டையாகத் தெரிவார்கள். ஒரே ஷாட், வெட்டு இல்லாமல். வெளிச்சம் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வந்தால் குனிவதும் நிமிர்வதும் தெளிவாகத் தெரியும், டியூப்லைட்டில் எல்லாம் தட்டையாகிவிடும். பின்னணியில் நாட்காட்டியும் மின்விசிறியும் இருந்தால் பரவாயில்லை, ஓடும் மின்விசிறி மட்டும் வேண்டாம். முடியைக் கலைக்கும், ஒலிப்பதிவில் இரைச்சலாகவும் சேரும். பிறகு இசையைத் தனியாக மேலே ஏற்றுவதானால், தொடங்கும் முன் ஒருவர் கேமரா முன் ஒரு தட்டு தட்டட்டும். அறையில் பதிவான இசையோடு வைத்துப் பொருத்த அந்தத் தட்டு உதவும். அறைச் சத்தத்தை முழுக்க நீக்காதீர்கள். பாதமும் மூச்சும் கேட்காத பதிப்பு பாதி ஊமை.

கடைசியாக உரிமை. அழைப்பு எதற்கு என்பதைக் கவனியுங்கள்: கற்பது, சொந்தப் பதிப்பு ஆடுவது, வீடியோவாகப் பகிர்வது. அதில் மூலப் படைப்பின் பெயரையும் டி கீர்ஸ்மேக்கரின் பெயரையும் போடுங்கள். டிக்கெட் போட்டு அரங்கில் நடத்துவது, விளம்பரத்தில் சேர்ப்பது, ‘ரோசாஸ் தான்ஸ்ட் ரோசாஸ்’ என்றே பெயர் வைத்து மேடையேற்றுவது எல்லாம் வேறு கதை; அதற்கு ரோசாஸிடம் எழுதிக் கேட்க வேண்டும். இசைக்கு உரிமை தனி, அதையும் தனியாகக் கேட்க வேண்டும். யூடியூப் போன்ற தளங்கள் இசையை அடையாளம் கண்டு வீடியோவை முடக்கக்கூடும், அதனால் வேறு இசையோடு ஒரு பிரதியும் கைவசம் இருக்கட்டும். எழுதும்போது எந்தப் பகுதி, எத்தனை நிமிடம், எத்தனை பேர், எந்த அரங்கு, டிக்கெட் உண்டா இல்லையா என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சிக்குச் சில மாதம் முன்பே எழுதுங்கள், பதில் வரும்வரை போஸ்டர் அடிக்க வேண்டாம்.